வலிக்கும் கணுக்காலுக்கு எது: மூட்டை இணைத்துவிடுவதா, செயற்கை மூட்டு பொருத்துவதா?

கணுக்கால் மூட்டின் குருத்தெலும்பு முற்றிலும் தேய்ந்து, மாத்திரைக்கும் ஊசிக்கும் கட்டுப்படாத வலியோடு வாழ்கிறவர் முன்பு கடைசியில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று மூட்டு இணைப்பு. மிஞ்சியிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, எதிரெதிரே உள்ள இரண்டு எலும்புகளையும் நெருக்கிப் பொருத்தி, ஸ்க்ரூக்களால் இறுக்கி, நாளடைவில் அவை ஒரே எலும்பாகக் கூடிவிடச் செய்வது அது. மருத்துவர்கள் ஆர்த்ரோடெசிஸ் என்று குறிப்பிடுவது இதைத்தான். மற்றொன்று செயற்கை மூட்டு. அதே எலும்பு முனைகளை அளவாக வெட்டி, உலோக உறைகளைப் பதித்து, இடையில் வழவழப்பான பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை வைப்பது. முதல் வழியைக் கேட்டவுடன் "அப்படியானால் கால் மடங்கவே மடங்காதா?" என்ற அச்சம் எழுகிறது, இரண்டாவது வழியைக் கேட்டவுடன் மனம் சற்று ஆறுதல் அடைகிறது. இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டு மாற்றிக்கொண்டு நன்றாக நடமாடுபவர்களை நாம் எல்லோரும் பார்த்திருப்பதால் இந்த ஆறுதல் இயல்பானதுதான்.

ஆனால் அசையுமா, அசையாதா என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. உண்மையில் எடைபோட வேண்டியவை மூன்று. இப்போதே அந்த மூட்டில் எவ்வளவு அசைவு மிச்சம் இருக்கிறது? அதைச் சுற்றியுள்ள மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் மேலாக, செய்துகொள்ளும் சிகிச்சை ஒருவேளை பலன் தராமல் போனால், அந்தத் தோல்வி எப்போது வரும், எந்த உருவில் வரும், அதற்குப் பிறகு கையில் என்ன வழி இருக்கும்? நோயாளிகள் மிகக் குறைவாகக் கேட்பது இந்த மூன்றாவது கேள்வியைத்தான்.

கணுக்கால் தேய்மானம் ஏன் வேறுபட்டது

இடுப்பும் முழங்காலும் பெரும்பாலும் வயதின் காரணமாகத் தேய்கின்றன. கணுக்கால் அப்படி இல்லை. கணுக்கால் தேய்மானத்தோடு வருபவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 7 பேருக்கு அது பழைய காயத்தின் விளைவு: எப்போதோ ஏற்பட்ட எலும்பு முறிவு, அல்லது திரும்பத் திரும்பப் பிசகித் தளர்ந்துபோன தசைநார்கள். முடக்குவாதம், இரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா, பழைய மூட்டுத் தொற்று போன்றவை மீதிப் பங்கில் அடங்கும். இந்த ஒரு வேறுபாடு முழு ஒப்பீட்டையும் மாற்றிவிடுகிறது. காயத்தால் தேய்ந்த கணுக்காலோடு வருபவருக்குப் பெரும்பாலும் 40 வயதோ 50 வயதோதான் ஆகியிருக்கும்; அவர் வேலைக்குப் போகிறவர், இன்னும் 30 ஆண்டுகள் நடக்க வேண்டியவர். முந்தைய அறுவைச் சிகிச்சையின் தழும்பும், உள்ளே பதித்த பிளேட்டும், சற்றே கோணலாகக் கூடிய எலும்பும் அவரோடு கூடவே வந்திருக்கும்.

மூட்டின் அமைப்பும் செயற்கை உறுப்புக்கு அவ்வளவு இடம்கொடுப்பதில்லை. நடக்கும்போது உடல் எடையின் பல மடங்கு சுமை கணுக்காலில் இறங்குகிறது. ஆனால் அந்தச் சுமையைத் தாங்கும் பரப்பு முழங்காலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மேலே உள்ள தோலோ மெல்லியது, அடியில் கொழுப்போ சதையோ அதிகம் இல்லாதது.

இந்த இரு சிகிச்சைகளின் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருத்துவர்களிடையே இன்றும் நிலவும் கருத்து வேறுபாடு புரியும். 1951இல், இணைக்க வேண்டிய எலும்புகளை வெளியிலிருந்து அழுத்தி நெருக்கினால் அவை விரைவாகவும் உறுதியாகவும் கூடுகின்றன என்று கணுக்கால் இணைப்பைப் பற்றி எழுதியவர் இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி. அதே சார்ன்லிதான் 1960களின் தொடக்கத்தில் இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வழிவகுத்தவர். ஒரு மூட்டை அசையாமல் ஆக்குவதையும் இன்னொரு மூட்டுக்கு அசைவைத் திருப்பித் தருவதையும் ஒரே மனிதர் செய்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு மூட்டுக்கும் ஏற்றது வேறு என்பதை அவருடைய பணியே காட்டுகிறது. இடுப்பில் கிடைத்த வெற்றியைப் பார்த்து 1970களில் கணுக்காலுக்கும் செயற்கை மூட்டுகள் செய்யப்பட்டன. எலும்பை அதிகமாக வெட்டி, சிமென்ட் வைத்து ஒட்டிய அந்த முதல் தலைமுறை மூட்டுகள் சில ஆண்டுகளிலேயே ஆட்டம் கண்டன. மருத்துவர்கள் பலரும் மீண்டும் மூட்டு இணைப்புக்கே திரும்பினார்கள். பிறகு சிமென்ட் இல்லாமல், எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ளும் மேற்பரப்போடு வந்த வடிவங்கள் நிலைமையை வெகுவாக மாற்றியிருக்கின்றன. ஆகவே 30 ஆண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தை வைத்துச் செயற்கை மூட்டே கூடாது என்று சொல்வதும், இன்றைய இடுப்பு மூட்டின் வெற்றியை வைத்துக் கணுக்காலிலும் அதே பலன் கிடைக்கும் என்று சொல்வதும் சரியாகாது.

அசைவைப் பற்றிய கணக்கு

நல்ல நிலையில் உள்ள கணுக்கால், பாதத்தை மேல்நோக்கி ஏறக்குறைய 20 பாகையும் கீழ்நோக்கி 40 முதல் 50 பாகை வரையும் வளைக்கும். சமதரையில் சாதாரணமாக நடக்க இதில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. முற்றிய தேய்மானத்தில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது சில பாகைகள்தான். அந்தச் சில பாகைகளில்தான் வலியும் இருக்கிறது. இணைப்பினால் இழக்கப்போவது நலமான கணுக்காலின் அசைவு அன்று. வலியோடு மிஞ்சியிருக்கும் அந்தக் கொஞ்சம் அசைவைத்தான்.

இணைத்தபின் பாதம் மரக்கட்டைபோல ஆகிவிடும் என்பதும் உண்மையல்ல. கணுக்காலுக்குக் கீழே, அந்த மூட்டின் அடிப்பகுதியாக அமையும் தாலஸ் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையில் ஒரு மூட்டு இருக்கிறது; அதற்கு முன்னால் நடுப்பாதத்தின் மூட்டுகள் இருக்கின்றன. பாதம் உட்புறமும் வெளிப்புறமும் சாய்வது பெரும்பாலும் இவற்றின் வேலை. கணுக்கால் நின்றுவிட்டால் மேலும் கீழும் வளையும் வேலையில் ஒரு பகுதியையும் இவையே ஏற்றுக்கொள்கின்றன. நல்ல கோணத்தில் இணைக்கப்பட்ட காலோடு ஒருவர் ஷூ அணிந்து சமதரையில் நடந்தால், தெரியாதவர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். கூர்ந்து பார்த்தால் சில தெரியும்: அந்தக் காலைத் தரையில் விட்டு உடல் முன்னே செல்லும்போது குதிகால் சற்று முன்கூட்டியே மேலெழும், அடி சற்றுக் குறுகும், வேகமாக நடக்கச் சொன்னால் பாதத்தை இலேசாக வெளிப்பக்கம் திருப்பி அதன் உள்விளிம்பின் மேல் உருண்டு செல்வார். வெறுங்காலோடு நடக்கச் சொன்னால் இவையெல்லாம் இன்னும் தெளிவாகத் தெரியும். அடிப்பகுதி வளைந்த ஷூ இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது, ஏனென்றால் கணுக்கால் செய்ய வேண்டிய உருளலை ஷூவின் அடி செய்துவிடுகிறது.

உண்மையான இழப்புகள் வேறு இடங்களில் இருக்கின்றன. சரிவில் ஏறுவது கடினமாகும். படியில் இறங்கும்போது பின்காலின் கணுக்கால் மடங்காததால், அந்தப் படியின் விளிம்புக்கு வெளியே பாதத்தின் முன்பகுதி நீட்டியிருக்குமாறு வைத்து இறங்கப் பழக வேண்டியிருக்கும். குத்துக்காலிட்டு உட்கார்வதில் குதிகால் தரையில் படாது. ஓடுவதும் தாவுவதும் பெரும்பாலும் முடியாது. இவற்றில் எது உங்கள் அன்றாடத்தில் இருக்கிறது என்று எழுதிப் பார்த்துக்கொள்வது பயனுள்ளது.

செயற்கை மூட்டு இந்த இழப்புகள் எல்லாவற்றையும் ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பதிலும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. பல ஆண்டுகள் இறுகிப்போன மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் உறைகளும் சேர்ந்தே இறுகியிருக்கும். புதிய மூட்டைப் பொருத்தியதும் அவை தளர்ந்துவிடுவதில்லை. அறுவைக்கு முன்பு எவ்வளவு அசைவு இருந்ததோ அதைவிடச் சில பாகைகள் கூடுதலாகக் கிடைத்தாலே நல்ல பலன் என்று கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஓரளவு அசைவு உள்ளவருக்குச் செயற்கை மூட்டு அதைக் காப்பாற்றித் தருகிறது. நடையும் இணைக்கப்பட்ட காலின் நடையைவிட இயல்புக்குச் சற்று நெருக்கமாக இருக்கிறது. முற்றிலும் இறுகிப்போனவருக்கு அந்த அனுகூலம் மிகக் குறைவு. அசைவை விரும்பிச் செயற்கை மூட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது "இப்போது என் கணுக்காலில் எத்தனை பாகை அசைவு இருக்கிறது?" என்பதுதான்.

நேரடி ஒப்பீடு சொல்வது

நீண்ட காலமாக இந்த இரண்டையும் பற்றிய ஆய்வுகள் தனித்தனியாகவே நடந்தன. வயதானவர்களும் குறைவாக நடமாடுபவர்களும் செயற்கை மூட்டையும், இளையவர்களும் உடலுழைப்பு மிக்கவர்களும் இணைப்பையும் பெற்றதால், முடிவுகளை அருகருகே வைப்பது நியாயமாக இருக்கவில்லை. பிரிட்டனில் நடந்த, 2022இல் வெளியான டார்வா என்ற ஆய்வு இந்தக் குறையைப் போக்கியது. 50 முதல் 85 வயது வரையிலான 303 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஓராண்டு கழித்து நடப்பதிலும் நிற்பதிலும் உள்ள சிரமத்தை அளந்தார்கள். இரண்டு குழுவினருமே பெருமளவு முன்னேறியிருந்தார்கள். செயற்கை மூட்டுக் குழு சற்று மேலே இருந்தது; ஆனால் அந்த இடைவெளி, தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது சிக்கல்களின் பட்டியல். செயற்கை மூட்டு பெற்றவர்களில் 13.4 சதவீதத்தினருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் ஏற்பட்டது. இணைப்பில் அது 5.7 சதவீதம். நரம்புக் காயமும் செயற்கை மூட்டுக் குழுவில்தான் அதிகம். மறுபுறம், இணைப்புச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தினருக்கு ஓராண்டு முடிவில் எலும்பு கூடியிருக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வலி எதுவும் இல்லை, இணைப்புக் குழு முழுவதிலும் ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்கு அது தொல்லையாக இருந்தது. எந்த வழியில் போனாலும் வலி பெரிதும் குறையும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சிக்கல் வந்தால் அது வேறு வேறு வகையில் வருகிறது. ஓராண்டுக் கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது. செயற்கை மூட்டின் உண்மையான சோதனை பத்தாவது ஆண்டுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் ஆண்டு எப்படி இருக்கும்

மூட்டு இணைப்புக்குப் பொறுமை அதிகம் வேண்டும். வழக்கமாக முதல் 6 வாரங்கள் மாவுக்கட்டோடு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது; ஊன்றுகோலோ வாக்கரோ, சிலருக்குச் சக்கர நாற்காலியோ தேவைப்படும். அடுத்த 6 வாரங்கள் கெட்டியான பூட் அணிந்து படிப்படியாக எடையைக் கூட்டலாம். எக்ஸ்ரேயில் எலும்புப் பாலம் தெரிந்த பிறகே சாதாரண ஷூவுக்கு அனுமதி கிடைக்கும். வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டுகூட ஆகலாம். மூட்டு நேராக இருந்து, கோணலைத் திருத்தும் வேலை அதிகம் இல்லையென்றால், பெரிய கீறல் இல்லாமல், சிறு துளையில் நுழைக்கும் கேமராக் குழாயான ஆர்த்ரோஸ்கோப் வழியாகவே இணைப்பைச் செய்ய முடியும். அப்படிச் செய்தவர்கள் மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள், காயத் தொல்லையும் குறைகிறது.

செயற்கை மூட்டில் காலை ஊன்றுவதற்குப் பொதுவாக இதைவிட முன்னதாக, சில வாரங்களிலேயே அனுமதிக்கிறார்கள். ஆனால் முன்பக்கக் கீறலின் தையல் நன்கு ஆறும்வரை எல்லாரும் கவலையோடுதான் இருப்பார்கள். அங்கே தோல் கறுத்து உரிந்தால் அடியில் இருப்பது தசைநாரும் உலோகமும்தான். பழைய விபத்தின் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும் கணுக்காலில் இந்த ஒரு காரணத்துக்காகவே செயற்கை மூட்டைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன்.

தோல்வி எப்போது வரும், எப்படி வரும்

மூட்டு இணைப்பின் முதன்மையான தோல்வி, எலும்பு கூடாமல் போவது. இது முதல் ஆண்டுக்குள்ளேயே தெரிந்துவிடும்: வலி குறையாது, சி.டி. ஸ்கேனில் இடைவெளி தெரியும், சில வேளைகளில் ஸ்க்ரூ உடைந்திருக்கும். காரணங்களில் முதலிடம் புகைப்பழக்கத்துக்கு. நிக்கோட்டின் எலும்புக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், புகைப்பவர்களுக்கு எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், வைட்டமின் டி குறைபாடு, தாலஸ் எலும்பின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றிச் செத்துப்போயிருப்பது, சொன்னதற்கு முன்பே காலை ஊன்றிவிடுவது ஆகியவை அடுத்தடுத்த காரணங்கள். இவற்றில் பல, நோயாளியே முன்கூட்டித் திருத்திக்கொள்ளக்கூடியவை. கூடாமல் போனாலும் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் துகள் எடுத்து வைத்து மறுபடியும் இணைக்க முடியும். மீண்டும் சில மாதங்கள் செலவாகும் என்றாலும், வழி அடைபட்டுப்போவதில்லை.

இரண்டாவது தோல்வி, தவறான கோணத்தில் கூடுவது. இதைப் பற்றி நோயாளிகளிடம் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். கணுக்காலை இணைக்க வேண்டிய நிலை மிகத் துல்லியமானது: பாதம் காலுக்குச் செங்குத்தாக, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் இருக்க வேண்டும், குதிகால் மிகச் சிறிதளவு வெளிப்பக்கம் சாய்ந்து, பாதம் மற்றக் காலைப் போலவே 5 முதல் 10 பாகை வெளிப்புறம் திரும்பியிருக்க வேண்டும். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்த நிலையில் கூடிவிட்டால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் பின்புறமாகத் தள்ளப்படும். சில ஆண்டுகளில் முழங்கால் வலிக்கத் தொடங்கும். குதிகால் உட்பக்கம் சாய்ந்து கூடினால் உடல் எடை முழுவதும் பாதத்தின் வெளிவிளிம்பில் விழும், அங்கே காய்ப்பும் வலியும் வரும். மூட்டு இணைப்பு மோசம் என்று சொல்லும் பலருடைய குறை உண்மையில் இணைப்பின் மீதானதல்ல, கோணத்தின் மீதானது.

மூன்றாவது, மெதுவாக வருவது: அக்கம்பக்கத்து மூட்டுகளின் தேய்மானம். கணுக்காலின் வேலையையும் சேர்த்துச் செய்யும் பின்பாத மூட்டுகள் காலப்போக்கில் தேய்கின்றன. 2001இல் வெளியான ஓர் ஆய்வு, காயத்துக்குப் பிறகான தேய்மானத்துக்காக இணைப்பு செய்துகொண்ட 23 பேரைச் சராசரியாக 22 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தது; பெரும்பாலோருக்கு அதே காலின் பின்பாத மூட்டுகளில் தேய்மானம் கண்கூடாகத் தெரிந்தது, முழங்காலில் அவ்வாறு தெரியவில்லை. முதல் விபத்திலேயே அந்த மூட்டுகளும் ஓரளவு அடிபட்டிருக்கக்கூடும் என்பதால் பழி முழுவதையும் இணைப்பின் மீது போட முடியாது. ஆனாலும் 40 வயதில் முடிவெடுப்பவர் இதைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். அந்த மூட்டும் தேய்ந்து வலித்தால் அதையும் இணைக்க நேரிடலாம். அப்போது பாதம் உண்மையாகவே விறைத்துப்போகும்.

செயற்கை மூட்டின் தோல்வி பெரும்பாலும் தாமதித்து வருகிறது. உலோகம் எலும்பிலிருந்து தளர்வது, பாலிஎத்திலீன் தேய்ந்து அதன் நுண்துகள்களால் எலும்பில் பொந்துகள் விழுவது, தாலஸ் எலும்பு அமுங்கிப்போவது, எந்த ஆண்டிலும் வரக்கூடிய தொற்று ஆகியவை அதன் வடிவங்கள். பத்தாண்டு முடிவில் இடுப்பு, முழங்கால் செயற்கை மூட்டுகளில் மறு அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்கள் மிகச் சிலரே. கணுக்காலில் அந்த விகிதம் வடிவத்தையும் மருத்துவரின் அனுபவத்தையும் பொறுத்துத் தெளிவாகவே கூடுதல். தளர்ந்த மூட்டைக் கழற்றினால் அங்கே எலும்பு நிறையக் குறைந்திருக்கும். எலும்பு போதுமானதாக இருந்தால் புதிய மூட்டு பொருத்தலாம்; இல்லையெனில் பெரிய எலும்புத் துண்டு வைத்து, குதிகால் வழியாகக் கம்பி செலுத்தி, கணுக்காலோடு அதன் கீழுள்ள மூட்டையும் சேர்த்து இணைக்க வேண்டியிருக்கும். முதலிலேயே செய்திருக்கக்கூடிய இணைப்பைவிட அது பெரிய அறுவை, கால் சற்றுக் குட்டையாகவும் கூடும், எலும்பு கூடுவதும் கடினம்.

இந்த இரண்டு காலக் கணக்குகளையும் அருகருகே வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்கிறேன். இணைப்பு தோற்றால் பெரும்பாலும் உடலில் வலுவிருக்கும்போதே தோற்கிறது. செயற்கை மூட்டு தோற்றால், பொருத்திக்கொண்டவருக்கு 10, 15 வயது கூடியபிறகு தோற்கிறது. 45 வயதில் செயற்கை மூட்டு பெறுபவருக்கு 60 வயதில் இரண்டாவது அறுவை வரக்கூடும். அந்த மூட்டோடு அவர் இன்னும் நெடுங்காலம் வாழ வேண்டும். 68 வயதில் பெறுபவருக்கு அந்த ஒரு மூட்டே வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாக இருக்கலாம்.

யாருக்கு எது பொருந்தும்

கடின உடலுழைப்பு செய்பவர், 50 வயதுக்கு உட்பட்டவர், உடல் எடை மிக அதிகம் உள்ளவர், கணுக்கால் ஏற்கெனவே பெரிதும் இறுகிக் கோணலானவர், ஆனால் அதன் கீழுள்ள மூட்டுகள் நல்ல நிலையில் இருப்பவர்: இவருக்கு நான் தயங்காமல் இணைப்பைச் சொல்வேன். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கும், மூட்டில் தொற்று இருந்தவர்களுக்கும், தாலஸ் எலும்பின் பெரும்பகுதி செத்துப்போனவர்களுக்கும் செயற்கை மூட்டு பொதுவாகப் பொருந்தாது. உணர்வில்லாத பாதம் தன்மேல் விழும் சுமையை அறியாமல் மூட்டைச் சிதைத்துவிடும்.

60 வயதைக் கடந்தவர், மிதமாக நடமாடுபவர், நேரான கணுக்காலும் ஓரளவு அசைவும் நல்ல தோலும் உள்ளவர்: இவருக்குச் செயற்கை மூட்டு நல்ல தேர்வு. அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. கீழுள்ள பின்பாத மூட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், அல்லது முன்பே இணைக்கப்பட்டிருந்தால், அல்லது இரண்டு கணுக்கால்களும் கெட்டிருந்தால், வயது எதுவானாலும் குறைந்தது ஒரு பக்கத்திலாவது அசைவைக் காப்பாற்றுவது மிக மதிப்புள்ளதாகிறது. பல மூட்டுகள் பாதிக்கப்பட்ட முடக்குவாத நோயாளிகள் பலர் இந்த வகையில் வருகிறார்கள். வயதைவிடவும் அக்கம்பக்கத்து மூட்டுகளின் நிலைதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டிற்கும் முன்பு முயல வேண்டியவை

தேய்மானம் மூட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்து, மறுபக்கத்தில் குருத்தெலும்பு நன்றாக இருந்தால், கணுக்காலுக்கு மேலே எலும்பை வெட்டிச் சாய்வைத் திருத்தி, சுமையை நல்ல பக்கத்துக்கு மாற்றிவிடலாம். இளையவர்களுக்கு இது பல ஆண்டுகளை வாங்கித் தரக்கூடிய சிகிச்சை. மூட்டு முழுவதும் தேய்வதற்கு முன்பு செய்தால்தான் பலன். வெளிச்சட்டம் பொருத்தி மூட்டைச் சில மில்லிமீட்டர் விலக்கி வைக்கும் முறையும் உண்டு. சட்டத்தோடு ஏறக்குறைய 3 மாதங்கள் வாழ்வது எல்லாராலும் இயலாது.

ஊசிகளைப் பொறுத்தவரை, ஸ்டீராய்டு சில வாரங்களோ மாதங்களோ வலியைக் குறைக்கும். சொந்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளேட்லெட் செறிவை ஊசியாகப் போடும் பி.ஆர்.பி. முறை இன்று எங்கும் பேசப்படுகிறது. கணுக்கால் தேய்மானத்தில் அதை வெறும் உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்டு 100 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், 26 வாரங்களுக்குப் பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்தை நல்ல கணுக்கால் பட்டையிலும் அடிவளைந்த ஷூவிலும் செலவிடுவது மேல் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முடிவெடுக்கும் முன்பு செய்துபார்க்கத்தக்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டும் எளியவை, இரண்டையும் நீங்களே கேட்டுப் பெறலாம். முதலாவது, எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ பார்த்துக்கொண்டே கணுக்கால் மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. அடுத்த சில மணி நேரம் நடந்து பார்த்தால், வலி முழுவதும் போய்விட்டதா, பாதி இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று தெரியும். பாதி மிஞ்சினால் அந்தப் பாதி கீழுள்ள மூட்டிலிருந்து வருகிறது என்று பொருள். கணுக்காலை மட்டும் இணைத்து அதைத் தீர்க்க முடியாது. இரண்டாவது, கணுக்காலை முற்றிலும் அசையவிடாத கெட்டியான பூட் காலணியையோ மாவுக்கட்டையோ அணிந்து சில நாட்கள் வாழ்வது. அதோடு படி இறங்கிப் பாருங்கள், வேலைக்குப் போய்ப் பாருங்கள், நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள். கனமும் வெப்பமும் எரிச்சலூட்டினாலும், "வலி இவ்வளவு குறைந்தால் இந்த விறைப்போடு வாழ்ந்துவிடலாம்" என்று தோன்றுகிறதா என்பதை எந்த மருத்துவரின் விளக்கத்தைவிடவும் அந்த நாட்கள் தெளிவாகச் சொல்லும்.

மற்ற மூட்டுகளில் கணக்கு மாறுகிறது

கணுக்காலில் இவ்வளவு தயக்கம் இருந்தாலும், கால் பெருவிரலின் அடிமூட்டில் கதை வேறு. அங்கே இணைப்பே நிலைபெற்ற சிகிச்சை. எலும்பு கூடும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல், நடைக்கும் பெரிய குறையில்லை. செயற்கை உறுப்புகள் பல வந்தும் நீண்ட காலப் பலனில் அதை வெல்லவில்லை. விரலை எந்தச் சாய்வில் இணைக்கிறார்களோ அதுவே பிறகு அணியக்கூடிய குதிகால் உயரத்தைத் தீர்மானிக்கும் என்பதால், உயர்ந்த குதிகால் காலணி வேண்டும் என்பவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மணிக்கட்டில் முழு இணைப்பு பிடியின் வலுவை மீட்டுத் தருகிறது. முன்கையைத் திருப்பும் அசைவு அதனால் பாதிக்கப்படுவதில்லை. தேய்மானம் சில எலும்புகளுக்கு இடையில் மட்டும் இருந்தால், அவற்றை மட்டும் இணைத்து ஏறத்தாழ பாதி அசைவைக் காப்பாற்றலாம். கைவிரல்களின் நுனி மூட்டில் இணைப்பு எளிது, பலன் உறுதி. நடு மூட்டில், பொருளைக் கிள்ளிப் பிடிக்க உறுதி வேண்டிய ஆள்காட்டி விரலுக்கு இணைப்பும், மடங்க வேண்டிய மோதிர விரலுக்கு சிலிகோன் மூட்டும் பெரும்பாலும் ஏற்றவை. முழங்காலிலும் இடுப்பிலும் இணைப்பு இன்று மிக அரிது. தொற்றினால் செயற்கை மூட்டே தங்காத நிலையில் காலை இழக்காமல் காக்கும் கடைசி வழியாகவே முழங்கால் இணைப்பு செய்யப்படுகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கணுக்கால் செயற்கை மூட்டை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இந்த அறுவையில் அனுபவத்தின் பங்கு மிகப் பெரிது, எப்போதாவது செய்பவரின் கையில் நல்ல மூட்டும் கெட்டுப்போகும். ஒருவர் இரண்டு சிகிச்சைகளில் ஒன்றை மட்டுமே செய்பவராக இருந்தால், மற்றதைச் செய்யும் இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இணைப்பைத் தேர்ந்தெடுத்தால், பக்கவாட்டில் உள்ள ஃபிபுலா எலும்பின் நுனியை வெட்டி எடுத்துவிடுவார்களா, அப்படியே விட்டுவைப்பார்களா என்றும் கேளுங்கள். இணைத்த கணுக்காலைப் பிற்காலத்தில் பிரித்துச் செயற்கை மூட்டு பொருத்துவது கடினமானது, மிகச் சிலருக்கே பொருந்துவது என்றாலும், இயலாததல்ல. பக்கச் சுவராக நிற்கும் அந்த எலும்பு இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் மூடிவிடுகிறது. கோணலைத் திருத்த அதை எடுத்தே ஆகவேண்டிய நிலை இல்லையென்றால், விட்டுவைக்கும்படி கேட்பதில் தவறில்லை.